மோனசைட்: பண்புகளும் இனங்காணும் முறையும்

பாஸ்பரஸ் என்னும் தனிமம் பாறைகளில் தனித்துக் கிடைப்பதில்லை. ஆக்ஸிஜனோடு கூடிப் பாஸ்பேட்டாகவே காணப்படுகிறது. பாஸ்பேட் கனிப்பொருள்களுள் எங்கும் பரவலாக இருப்பது அபடைட் ஆகும். எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவதும், வயலுக்கு இடும் சூப்பர் பாஸ்பேட் உரத்திற்கு மூலப்பொருளாவதும் அவ்வினமே. அதே பாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அளவில் அருகியும் பயனில் முற்றிலும் வேறுபட்டும் இருப்பது மோனசைட். தோரியமும் அருமண் உலோகங்களும் இந்தியாவில் முக்கியமாக இத்தாதுவிலிருந்தே பெறப்படுகின்றன.

மோனசைட் பெருங்கட்டிகளாகக் கண்ணில் படுவது அரிது. கடுகினும் சிறிய மணிகளாக மணலோடு மணலாய்க் கலந்து கிடப்பதே அதன் இயல்பு. சித்தூர், திருப்பதிப் பகுதிகளைப் போலப் பழமையான கருங்கற் பாறைகள் நிறைந்த நிலப்பரப்பில், ஓடை மணலை அரித்துப் பார்ப்பவர் எவரும் தேன் நிறமுள்ள மணிகள் சிலவற்றைக் காணக்கூடும். அவை மோனசைட்டா, அன்றி அதைப் போன்ற வேறொன்றா என்பதே கேள்வி. இக்கேள்விக்குத் தவறான விடை எழுதினால் விளைவு சிறிதன்று. உள்ளதை இல்லையென்று விட்டால் நாட்டிற்கு வேண்டிய தாது ஒன்று குறிப்பேட்டில் இடம்பெறாமல் போகும். இல்லாததை உண்டென்று எழுதினால், ஆய்வுக் குழுவின் உழைப்பும் பொருளும் வீணாகும். ஊரில் வீண் அச்சமும் வதந்தியும் பரவும். ஒரேயொரு அடையாளத்தை நம்பி மோனசைட் என்று பெயரிடுதல் ஆகாது. தனித்தனியான பல அடையாளங்கள் ஒருங்கே பொருந்தினாலன்றி முடிவு கூறலாகாது. இக்கட்டுரை அவ்வடையாளங்களையும், அவை ஒவ்வொன்றும் எந்தப் போலியை விலக்க உதவும் என்பதையும் விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

1829ஆம் ஆண்டில் பிரைட்ஹாப்ட் என்னும் ஜெர்மானியக் கனிப்பொருளியலார், யூரல் பகுதியைச் சேர்ந்த இல்மென் மலைகளிலிருந்து கிடைத்த படிகங்களை ஆராய்ந்து இதற்குப் பெயரிட்டார். ‘தனித்திருத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இப்பெயரின் மூலம். படிகங்கள் கூட்டமாக அமையாமல் ஒவ்வொன்றாகத் தனித்துக் காணப்பட்டமையே காரணம்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இக்கனிப்பொருள் காட்சிச்சாலைகளுக்கு உரியதாகவே இருந்தது. பின்னர் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி ஆவர் வான் வெல்ஸ்பாக் அதற்குப் பெருமதிப்பை உண்டாக்கினார். தோரியம் ஆக்ஸைடு 99 பங்கும் சீரியம் ஆக்ஸைடு 1 பங்கும் கொண்ட வலை ஒன்று, வாயுச் சுடரில் வெண்ணிற ஒளி வீசும் என்பதை அவர் கண்டார். 1891ஆம் ஆண்டு முதல் இத்தகைய விளக்கு வலைகள் விற்பனைக்கு வந்தன. நம் ஊர்களில் திருமண ஊர்வலங்களிலும் திருவிழாக் கூத்துகளிலும் ஒளி வீசிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையும் அவ்வழி வந்ததே. வலைக்குத் தோரியம் வேண்டும்; தோரியத்திற்கு மோனசைட் வேண்டும். எனவே பிரேசில் நாட்டுக் கடற்கரை மணல் ஐரோப்பாவிற்குக் கப்பல் கப்பலாகச் சென்றது.

இந்நிலையில், 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன வல்லுநர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சியில் மோனசைட் மணலைக் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவரை அங்கு அழைத்து வந்தது என்பர். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. சுதந்திரத்திற்குப் பின், 1950ஆம் ஆண்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டில் கேரளத்தின் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1963இல் அந்நிறுவனம் முழுமையாக மத்திய அரசின் அணுசக்தித் துறையின்கீழ் வந்தது. இன்று அது ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் என வழங்கப்படுகிறது.

விளக்கு வலையின் காலம் கழிந்துவிட்டது. மோனசைட்டின் தேவையோ குறையவில்லை. தோரியம் நேரடியாக அணு எரிபொருளாவதில்லை. அது அணு உலையில் நியூட்ரானை ஏற்று, ஈற்றில் யுரேனியம்-233 ஆக மாறுகிறது, அதுவே எரிபொருள். அவ்வெரிபொருளைக் கொண்டு இயங்கும் காமினி என்னும் சிறிய ஆராய்ச்சி உலை 1996ஆம் ஆண்டில் கல்பாக்கத்தில் செயற்படத் தொடங்கியது. மோனசைட்டின் மற்றொரு கூறாகிய நியோடிமியம், ஆற்றல் மிக்க நிலைக்காந்தங்களுக்கு இன்றியமையாதது. மின்சார ஊர்திகளும் காற்றாலைகளும் அக்காந்தங்களைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவின் மோனசைட் வளம் சுமார் 1 கோடியே 30 இலட்சம் டன் என அணுசக்தித் துறை மதிப்பிட்டுள்ளது. ஆந்திரப் பிரதேசம், ஒடிசா, தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் கடற்கரை மணலிலேயே அதன் பெரும்பகுதி உள்ளது.

இயைபு

மோனசைட் என்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களின் பாஸ்பேட் ஆகும். அத்தனிமங்களின் இடத்தில் ஒரு பகுதியைத் தோரியம் பிடித்துக்கொள்கிறது. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் அருமண் ஆக்ஸைடுகள் நூற்றுக்கு 58 பங்கு அளவிலும், பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு 27 பங்கு அளவிலும், தோரியம் ஆக்ஸைடு 8 முதல் 10 பங்கு வரையிலும் உள்ளன. யுரேனியம் ஆக்ஸைடு ஒரு பங்கிலும் குறைவே. இக்கூறுகளின் அளவு இடத்திற்கு இடம் வேறுபடும். ஆகவே நிறம், எடை, கதிரியக்கம் ஆகியவையும் ஓரளவு வேறுபடும் என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இங்கு ‘அருமண்’ என்னும் பெயரைக் குறித்து ஒரு விளக்கம் தேவை. அது மண்ணையும் குறிப்பதன்று. பூமியில் மிக அரிதாக உள்ள பொருளையும் குறிப்பதன்று. இத்தனிமங்களின் ஆக்ஸைடுகளை முற்காலத்தார் ‘மண்’ என வழங்கினர். ஒன்றையொன்று ஒத்த அவற்றைப் பிரித்தெடுத்தல் கடினமாயிருந்தமையால் ‘அரிய’ என்னும் அடைமொழி சேர்ந்தது. சீரியம் நிலவோட்டில் ஈயத்தைவிட மிகுதியாகவே உள்ளது.

பாறையிலிருந்து மணலுக்கு

மோனசைட் கருங்கல், நைஸ், பெக்மடைட் முதலிய பாறைகளில் துணைக் கனிப்பொருளாகச் சிறு அளவில் தோன்றுகிறது. எல்லாக் கருங்கற்களிலும் அது இருக்கும் என எண்ணுதல் பிழை. உருகிய பாறைக் குழம்பில் கால்சியம் குறைவாக இருந்தால் அருமண் தனிமங்கள் பாஸ்பேட்டோடு கூடி மோனசைட்டாகும். கால்சியம் மிகுந்திருந்தால், அதே தனிமங்கள் பெரும்பாலும் ஸ்பீன், அல்லனைட், அபடைட் ஆகியவற்றுள் புகுந்துவிடும். எனவே ஹார்ன்பிளெண்டு மிகுந்த நைஸ் பாறையிலிருந்து வந்த மணலில் தேன் நிற மணி தென்பட்டால், முதலில் ஸ்பீன் என்றே ஐயுறுதல் நன்று. தாய்ப்பாறையின் தன்மையைக் குறித்துக்கொள்வது இனங்காணுதலின் முதற்படியாகிறது.

திருப்பதிப் பகுதி இதனைக் கற்பதற்கு ஏற்ற இடமாகும். மலையடியில் இருப்பவை மிகத் தொன்மையான கருங்கல், நைஸ் பாறைகள். அவற்றை ஊடுருவும் டோலரைட் சுவர்களும் உண்டு. அவற்றின்மேல் நகரிக் குவார்ட்சைட் எனப்படும் பாறை அடுக்குகள் அமைந்துள்ளன. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் இவ்விரண்டும் சந்திக்கும் தளம் தெளிவாகத் தெரிகிறது. கீழ்ப்பாறை தோன்றி, தேய்ந்து, மேலடுக்கு படியத் தொடங்குவதற்குள் பல கோடி ஆண்டுகள் கழிந்தன. இந்த இடைவெளியைக் காட்டும் தளத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் போற்றுகிறது. யாத்திரிகர்கள் கண்டு வியக்கும் சிலா தோரணமும் குவார்ட்சைட்டில் காற்றும் நீரும் செதுக்கிய வளைவே.

இப்பாறைகளிலிருந்து மணல் பிறக்கும் முறையை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். வெயிலும் மழையும் கருங்கல்லைச் சிதைக்கின்றன. பெல்ஸ்பார் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ், சிர்க்கான், கார்னெட், மோனசைட் போன்ற உறுதியான மணிகள் அழியாமல் எஞ்சுகின்றன. ஓடைகள் அவற்றைச் சுவர்ணமுகி போன்ற ஆறுகளில் சேர்க்க, ஆறுகள் கிழக்கே வங்கக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன.

கடற்கரையில் அலைகள் செய்யும் வேலை, பொற்கொல்லர் தெருவின் புழுதியை அரித்துப் பொன் துகள் தேடும் அரிப்புக்காரரின் வேலையை ஒத்தது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, மோனசைட்டின் ஒப்படர்த்தி 5க்குச் சற்று மேற்பட்டது. நீரினுள் மூழ்கியிருக்கும்போது நீரின் தாங்கு விசையைக் கழித்தால், சம பருமனுள்ள மணிகளில் குவார்ட்ஸ் 1.65 பங்கு எடையும் மோனசைட் 4 பங்கிற்கு மேற்பட்ட எடையும் உடையனவாகும். பின்வாங்கும் அலை இலேசான மணியை இழுத்துச் செல்லும். கனமானது கரையிலேயே தங்கும். மணவாளக்குறிச்சியில் நிகழ்வது இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் மணிகளை வள்ளியாறு முதலிய ஆறுகள் கடலில் சேர்க்க, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அவற்றைத் தரம் பிரித்துக் கரையில் ஒதுக்குகின்றன. அங்குக் கருமை இல்மனைட்டாலும், செம்மை கார்னெட்டாலும், மஞ்சள் மோனசைட்டாலும் உண்டாவன.

புறப் பண்புகள்

நிறம்: மஞ்சள், தேன் நிறம், செம்பழுப்பு, சிலவிடத்துப் பசுமை கலந்த மஞ்சள்.

மிளிர்வு: குங்கிலியத்தின் மிளிர்வை ஒத்தது, உடைந்த முகத்தில் சற்றே கண்ணாடியை ஒக்கும்.

படிக அமைப்பு: ஒற்றைச் சரிவுத் தொகுதி. மணலில் கிடைப்பவை பெரும்பாலும் உருண்டு தேய்ந்த முட்டை வடிவின.

பிளவு: ஒரு திசையில் தெளிவாக உண்டு.

கடினத்தன்மை: மோஸ் அளவையில் 5 முதல் 5.5 வரை.

ஒப்படர்த்தி: 4.6 முதல் 5.4 வரை, சாதாரணமாக 5க்கும் 5.3க்கும் இடையில்.

காந்தத் தன்மை: மிதமானது. கைக் காந்தம் இதனை ஈர்ப்பதில்லை. ஆற்றல் மிக்க மின்காந்தம் ஈர்க்கும்.

மின்கடத்தும் தன்மை: இல்லை. ஆலைகளில் மின்கடத்தும் இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றிலிருந்து இதனைப் பிரிக்க இப்பண்பே பயன்படுகிறது.

உருகும் தன்மை: ஊதுகுழல் சுடரில் உருகாது.

போலிகள்

மேற்கூறிய பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால், அவற்றை உடைய வேறு கனிப்பொருள் ஏதேனும் இருக்கவே செய்கிறது. ஆகவே, மோனசைட் எது என்பதை அறிவதோடு, எது மோனசைட் அன்று என்பதையும் அறிதல் வேண்டும்.

ஸ்பீன் நிறத்திலும் கடினத்திலும் மோனசைட்டை அப்படியே ஒத்தது. ஒப்படர்த்தி 3.5 மட்டுமே, இதுவே இரண்டையும் பிரிக்கும் வேலி.

சிர்க்கான் கனமானது, ஒப்படர்த்தி 4.6 முதல் 4.7 வரை. சிறிதளவு கதிரியக்கமும் இதற்கு உண்டு. ஆயின் கடினம் 7.5, காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. சிற்றலைப் புறஊதா ஒளியில் சிர்க்கான் பெரும்பாலும் பொன்மஞ்சளாக ஒளிரும். மோனசைட் சாதாரணமாக அவ்வாறு ஒளிராது.

கார்னெட் சிவந்த நிறமும் 7க்கு மேற்பட்ட கடினமும் உடையது. அதன் ஒப்படர்த்தி இரும்பு மிகுந்த வகையில் 4.2 அளவில் இருக்கும், பிளவு இல்லை.

அபடைட்டும் பாஸ்பேட்டே. எனவே பாஸ்பேட் சோதனை ஒன்றையே செய்பவர் இதனை மோனசைட் என மயங்குவர். ஒப்படர்த்தி 3.2, நைட்ரிக் அமிலத்தில் எளிதில் கரையும்.

செனோடைம் மோனசைட்டின் நெருங்கிய உறவு. இட்ரியம் என்னும் தனிமத்தின் பாஸ்பேட். கடினம் 4 முதல் 5 வரை; ஒப்படர்த்தி 4.4 முதல் 5.1 வரை, மோனசைட்டினும் காந்த ஈர்ப்பு மிகுந்தது. இவ்விரண்டையும் உறுதியாகப் பிரிப்பது ஆய்வுக்கூடத்தின் பணியேயாகும்.

சோதனை முறை

முதற்படி அரித்தல். ஓடையின் வளைவிலும், பாறை இடுக்கிலும், கூழாங்கற்களின் அடியிலும் தங்கிய மணலை எடுத்து, அரிதட்டில் நீரோடு சுழற்றி இலேசானவற்றை வெளியேற்றுக. அரிசியில் கல் அரிப்பதைக் கண்டவர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு வேறுபாடு, இங்கே வேண்டியது அடியில் தங்கும் பொருளே. எஞ்சிய கனமணலை உலர்த்தி, கைக் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் நடத்தினால் மாக்னடைட் நீங்கும். இன்று எளிதில் கிடைக்கும் நியோடிமியக் காந்தம் இல்மனைட்டையும் கார்னெட்டையும் ஈர்க்கும். மோனசைட் மணிகள் மிக அருகில் கொண்டு சென்றால் மட்டும் மெல்ல அசையக்கூடும். அக்காந்தத்திலுள்ள நியோடிமியமும் மோனசைட் போன்ற தாதுவிலிருந்து வந்ததே என்பதை மாணவர்க்கு எடுத்துக் காட்டலாம்.

இரண்டாம் படி, உருப்பெருக்கும் கண்ணாடியின்கீழ் ஊசியால் தேன் நிற மணிகளைத் தனியே பொறுக்குதல். சில மணிகளை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். குவார்ட்ஸ், சிர்க்கான், கார்னெட் ஆகியவை கண்ணாடியில் ஆழமான கீறல்களை உண்டாக்கும்; மோனசைட், ஸ்பீன், அபடைட் ஆகியவை பொடியாகிவிடும். தகடுகளை நீரில் நனைத்துக்கொண்டால் தூசு எழாது.

மூன்றாம் படி ஒப்படர்த்தி காணுதல். பொறுக்கிய மணிகள் 5 கிராம் கிடைத்தால் சாதாரண ஒப்படர்த்திப் புட்டியே போதும். நீர் நிறைந்த புட்டியின் எடை 37 கிராம் என்க. அதனுள் 5 கிராம் மணிகளை இட்டு, வழிந்த நீரைத் துடைத்து நிறுக்கும்போது 41 கிராம் காட்டினால், வெளியேறிய நீர் 37 + 5 - 41 = 1 கிராம். ஒப்படர்த்தி 5 ÷ 1 = 5. இதே 5 கிராம் எடையுள்ள சிர்க்கான் 1.08 கிராம் நீரையும், கார்னெட் 1.19 கிராம் நீரையும், ஸ்பீன் 1.43 கிராம் நீரையும், அபடைட் 1.56 கிராம் நீரையும், குவார்ட்ஸ் 1.89 கிராம் நீரையும் வெளியேற்றும். சிர்க்கானுக்கும் மோனசைட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கிராமின் பன்னிரண்டில் ஒரு பங்கினும் குறைவாதலால், தராசு மில்லிகிராம் அளவிற்கு நுண்மையாக இருத்தல் வேண்டும். மணிகளில் ஒட்டிய காற்றுக் குமிழிகளையும் கொதிக்க வைத்து நீக்கல் வேண்டும். மணிகள் தூய்மையாக இராவிடில் கிடைக்கும் எண் கலவையின் சராசரியே. மோனசைட்டோடு சிறிது குவார்ட்ஸ் கலந்திருந்தால் அது சிர்க்கானின் எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

நான்காம் படி நிறமாலைச் சோதனை. மணிகளை வெண்தாளில் மெல்லிய படலமாகப் பரப்பி, அதன்மீது பட்டுத் திரும்பும் நல்ல வெயிலைக் கையடக்க நிறமாலைக்காட்டியால் நோக்குக. மோனசைட்டாயின், நிறமாலையின் மஞ்சள் பகுதியில், 5,800 ஆங்ஸ்ட்ராம் அளவில், கருமையான பட்டை ஒன்று தோன்றும். பச்சைப் பகுதியில், 5,200 ஆங்ஸ்ட்ராம் அருகில், சற்று மெலிந்த மற்றொன்று தோன்றும். இவை நியோடிமியம் ஒளியை உறிஞ்சுவதால் உண்டாவன. சில நொடிகளில் முடியும் இச்சோதனை மிக அழகியது; ஆயினும் இதுவும் தனித்து நிற்கும் சான்றன்று. மஞ்சள் அபடைட் சிலவற்றிலும் இதே பட்டைகள் தோன்றுவதுண்டு. அபடைட்டை ஒப்படர்த்தி முன்னரே விலக்கியிருந்தால் மட்டுமே இப்பட்டைகளுக்கு மதிப்புண்டு.

ஐந்தாம் படி இரசாயனச் சோதனை. ஒரு சில மணிகளைப் பொடித்து, சோடியம் கார்பனேட்டோடு கலந்து நன்கு உருக்குக. உருகியதைக் கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டினால், பாஸ்பேட் நீரில் சென்றுவிடும். அருமண் பொருள்கள் வடிதாளில் எஞ்சும். வடிநீரில் நைட்ரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்து, அம்மோனியம் மாலிப்டேட் கரைசலை இட்டு மெல்லச் சூடேற்றினால் பளிச்சிடும் மஞ்சள் வீழ்படிவு உண்டாகும். இது பாஸ்பேட்டைக் காட்டும். வடிதாளில் எஞ்சியதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கரைசல் சற்றே அமிலத் தன்மையுடன் இருக்கும்போது ஆக்ஸாலிக் அமிலத்தைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு கிடைக்கும். இது அருமண் தனிமங்களையும் தோரியத்தையும் காட்டும். மணிகளை உருக்காமல் நேரே நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டபோதே கரைந்து மஞ்சள் வீழ்படிவு தருமாயின், அது அபடைட் என்று கொள்க. மோனசைட் அவ்வளவு எளிதில் கரைவதன்று.

கதிரியக்கச் சோதனையும் அதன் மயக்கமும்

மோனசைட் என்றவுடன் கெய்கர் எண்ணியை நாடுவது வழக்கம். அக்கருவி மிகப் பயனுள்ளதே. ஆயினும் அது ‘மோனசைட்’ என்று கூறுவதில்லை, ‘கதிர் வருகிறது’ என்று மட்டுமே கூறுகிறது. கருங்கல்லிலுள்ள பொட்டாசியமும் கதிர் வீசுகிறது, சிர்க்கானும் வீசுகிறது, வானிலிருந்து அண்டக் கதிரும் இடையறாது வருகிறது. கருங்கற் பாறைமேல் நின்று அளந்தால், மணல் வெளியில் அளந்ததைவிட எண்ணிக்கை கூடுதலாக இருப்பது இயல்பே.

எனவே முதலில் மாதிரி இல்லாமலும், பின்னர் மாதிரியோடும், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே கால அளவில் எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கை 100 எனின் அதில் ஏறத்தாழ 10 கூடக் குறைய இருத்தல் இயல்பு. 10,000 எனின் அவ்வேறுபாடு 100 மட்டுமே. அதாவது, பத்தில் ஒரு பங்காயிருந்த ஐயம் நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே ஒரு நிமிடம் எண்ணி முடிவு கூறாமல் நெடுநேரம் எண்ணுதல் நன்று. கதிர் தோரியத்திலிருந்து வருகிறதா, யுரேனியத்திலிருந்தா, பொட்டாசியத்திலிருந்தா என்பதைக் காமாக் கதிர்களின் ஆற்றலைப் பிரித்தளக்கும் கருவியே காட்டும். தோரியத் தொடரின் முடிவில் தோன்றும் தாலியம்-208, 2.61 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரை வெளியிடுகிறது. அதுவே தோரியத்தின் முத்திரை.

காப்பும் சட்டமும்

கையளவு மணலைச் சிறிது நேரம் கையாளுவதில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. ஆயினும் மோனசைட்டின் பொடி மூச்சோடு உட்செல்லாதிருத்தல் முக்கியம். உலர்ந்த நிலையில் அரைத்தலும் சலித்தலும் தவிர்க்கத்தக்கவை. கையாண்டபின் கையைக் கழுவுக. உணவுப் பண்டங்களுக்கருகில் மாதிரியை வைக்கலாகாது. தோரியத் தொடரில் தோரான் என்னும் கதிரியக்க வாயு பிறப்பதால், மாதிரிப் பெட்டியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் திறத்தல் நன்று.

அணுசக்திச் சட்டத்தின்கீழ் மோனசைட் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகும். உரிய அனுமதியின்றி அதனைத் திரட்டுவதும், பதப்படுத்துவதும், விற்பதும், நாட்டிற்கு வெளியே அனுப்புவதும் குற்றம். ஆகவே பள்ளிகளில் மோனசைட்டைச் சேமித்து வைத்தல் தகாது. மேற்கூறிய முறைகள் பெரும்பாலானவற்றைக் குவார்ட்ஸ், கார்னெட், அபடைட் ஆகியவற்றைக் கொண்டே மாணவர்க்குப் பயிற்றலாம். ஒப்படர்த்திப் புட்டியும் மாலிப்டேட் சோதனையும் அப்பயிற்சிக்குப் போதியவை.

குறிப்பு எழுதும் முறை

ஐயத்திற்குரிய மணிகள் கிடைத்தால், அவற்றை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கோ, ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக்கனிம இயக்ககத்திற்கோ தெரிவித்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டில் அரிய கனிப்பொருள் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய அமைப்பே இவ்வியக்ககம். திருப்பதியைச் சூழ்ந்த பகுதியினர், 1954ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையையும் அணுகலாம்.

மாதிரியோடு செல்லும் குறிப்பில், எடுத்த இடம், நாள், ஓடையின் பெயர், அருகிலுள்ள பாறை, அரித்த மணலின் மொத்த அளவு, எஞ்சிய கனமணலின் எடை, செய்த சோதனைகள், அவற்றின் விளைவுகள் ஆகியவை இடம்பெறல் வேண்டும். ‘மோனசைட் கிடைத்தது’ என்று எழுதுவதினும், ‘தேன் நிறம், ஒப்படர்த்தி 5.1, மஞ்சள் பகுதியில் கரும்பட்டை உண்டு, இரசாயனச் சோதனை செய்யப்படவில்லை’ என்று எழுதுவது பன்மடங்கு பயனுடையது. முன்னது ஒருவரின் கருத்து. பின்னது எவரும் மீண்டும் சோதித்து அறியக்கூடிய செய்தி.

சோதனையின் முடிவில் மணிகள் ஸ்பீன் என்று தெரியவந்தால், அதனையும் விடாமல் எழுதுதல் வேண்டும். அவ்வோடையின் தாய்ப்பாறை கால்சியம் மிகுந்தது என்னும் செய்தி அதில் அடங்கியுள்ளது. அடுத்து வரும் ஆய்வாளர் எந்த ஓடையை விட்டு எந்த ஓடையை நாடவேண்டும் என்பதையும் அதுவே தெரிவிக்கும். இல்லையென்று முறையாக நிறுவப்பட்ட இடமும் நிலப்படத்தில் குறிக்கத்தக்க இடமேயாகும்.